எனிமி அடிச்சும் பிளேயரோட ஹெல்த் ஏன் குறையல?

அடுத்த கேள்வி, தேவகோட்டையிலேருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. "அண்ணே, ஜாவால சின்னதா ஒரு கேம் பண்றேன். எனிமி கிளாஸுக்குள்ளேருந்து பிளேயரோட டேமேஜ் மெத்தடைக் கூப்பிடுறேன். எர்ரர் வரல, ஆனா ஸ்கிரீன்ல ஹெல்த் 100-லயே நிக்குது." கோடும் அனுப்பியிருக்காரு, பாத்தேன்.

தம்பி, எனிமியோட கன்ஸ்ட்ரக்டர்ல, அதாவது எனிமி உருவாகும்போது ஓடுற பகுதியில, "நியூ பிளேயர்"னு ஒரு வரி போட்டிருக்கீங்க பாருங்க, சிக்கல் அங்கதான்.

நம்ம ஆத்தங்குடியில தரைக்குப் பதிக்கிற டைல்ஸ் கல்லு போடுறதைப் பாத்திருப்பீங்க. கண்ணாடி மேல அச்சை வச்சு, பூவுக்கு ஒரு கலரு, கொடிக்கு ஒரு கலருன்னு சிமெண்டுக் கலவையை ஊத்தி, அச்சை மெதுவா தூக்குவாங்க. அச்சு ஒண்ணுதான், கல்லு ஒவ்வொண்ணும் தனி. கிளாஸுங்கறது அந்த அச்சு. நியூ போடுறப்பல்லாம் இன்னொரு கல்லு வருது. பட்டறையில இருக்கற கல்லைத் தட்டி உடைச்சா, உங்க வீட்டு வளவுல, அதாவது உள்முற்றத்துப் பக்கம், பதிச்ச கல்லுல விரிசல் விழுமா? உங்க எனிமி தனக்குன்னு ஒரு பிளேயரை உருவாக்கி அதைத்தான் அடிச்சுக்கிட்டு இருக்கு. அதுக்கு ஹெல்த் குறையத்தான் செய்யுது. நீங்க ஸ்கிரீன்ல வரையறது வேற பிளேயர்.

கேம் கிளாஸ்ல பிளேயருக்கு ஒரே ஒரு தடவை நியூ போடுங்க. எனிமியை உருவாக்கும்போது அந்த பிளேயரை பிராக்கெட்டுக்குள்ள குடுங்க, எனிமி அதை வாங்கி டார்கெட்னு ஒரு வேரியபிள்ல வச்சுக்கட்டும். இப்படிக் குடுத்தா ஆப்ஜெக்ட், அதாவது நியூ போட்டு வந்த அந்தக் கல்லு, காப்பி ஆகாது, அதோட ரெஃபரன்ஸ்தான் போகும், விலாசம் மாதிரி. 10 எனிமி இருந்தாலும் எல்லாம் அதே பிளேயரைத்தான் அடிக்கும். வரிசை மட்டும் முக்கியம்: பிளேயர் முதல்ல, எனிமி பெறகு. மாத்திப் போட்டா பிளேயருக்குப் பதிலா நல், அதாவது ஒண்ணுமில்லாத வெறும் மதிப்பு, போயி, அடிக்கிற நேரத்துல நல் பாயிண்டர் எக்செப்ஷன் வரும்.

ஹெல்த்தை ஸ்டாட்டிக் ஆக்கிடு, அதாவது கிளாஸ் முழுசுக்கும் பொதுவா ஒண்ணே ஒண்ணா வச்சிடுன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. இன்னைக்கு ஓடும். நாளைக்கு ரெண்டு பேர் விளையாடுற மாதிரி மாத்தினா, ஒருத்தருக்கு விழுற அடி ரெண்டு பேருக்கும் சேத்து விழும்.

நீங்க கேக்காத ஒண்ணு. மூவ் மெத்தடை ரெண்டு கிளாஸ்லயும் வரி மாறாம எழுதியிருக்கீங்க. அதை ஒரு தாய் கிளாஸ்ல வச்சு, ரெண்டுலயும் எக்ஸ்டெண்ட்ஸ் போடுங்க, தாய்கிட்ட இருக்கறது ரெண்டுக்கும் வந்துரும். அதுக்கு கேரக்டர்னு பேர் வைக்காதீங்க, ஜாவாலயே அந்தப் பேர்ல ஒரு கிளாஸ் இருக்கு, குழப்பும். ஆக்டர்னு வைங்க. மெத்தடு பொதுவாச்சே, யாரு எங்க நிக்கிறாங்கன்னு சொல்ற எக்ஸ், ஒய் மதிப்பும் கலந்துருமோன்னு பயப்பட வேணாம். நம்ம பெரிய வீடுகள்ல கல்யாணமான மகனைத் தனிக் குடும்பமா வேறு வச்சதும் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது ஒவ்வொரு ஜோடிக்கும், அடுப்பு தனியாயிடும், கிணறும் வளவும் பொதுவாவே இருக்கும்ல, அப்படித்தான்.

மாத்தின பெறகு எனிமியோட டார்கெட்டையும் கேம்ல இருக்கற பிளேயரையும் டபுள் ஈக்குவல் போட்டு ஒப்பிட்டு பிரிண்ட் பண்ணிப் பாருங்க. ட்ரூன்னு வரணும். ஃபால்ஸ் வந்தா இன்னும் எங்கயோ ஒரு நியூ ஒளிஞ்சிருக்கு, தேடுங்க.