கட்டுரையை எங்கே வைப்பது?

நேயர்களுக்கு வணக்கம். தேடிய ஆய்வுக்கட்டுரை இணையத்தில் கிடைத்துவிடுகிறது. திறக்கப் போனால் பணம் கட்டச் சொல்கிறது. நூலகத்திலும் அந்த இதழுக்குச் சந்தா இல்லை. அப்போது ஆராய்ச்சி மாணவர்களுக்குக் கைகொடுப்பவை, ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கட்டுரைகளை ஏற்றிப் பகிர்ந்துகொள்ளும் ரிசர்ச்கேட், அகாடெமியா போன்ற தளங்கள். இரண்டுமே 2008-இல் தொடங்கியவை. ரிசர்ச்கேட்டில் கட்டுரையின் பிரதி இல்லாவிட்டாலும், எழுதியவரிடமே கேட்க ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் கோரிக்கை நேராக அவருக்குப் போய்விடும். முன்பின் தெரியாதவர்கூட பிடிஎஃப்பை அனுப்பி வைப்பார். ஆராய்ச்சியாளர்களின் இந்தத் தாராள மனசு எனக்கு மிகவும் பிடித்தமானது.

ஆனால் நம் கட்டுரையை நாமே ஏற்றும்போது கவனம் வேண்டும். பல இதழ்களில் வெளியிடும்போது பதிப்புரிமையைப் பதிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறோம். அப்புறம், நாம் எழுதியதுதானே என்று இதழ் வெளியிட்ட பிடிஎஃப்பை அப்படியே ஏற்றினால் அது உரிமை மீறலாகிவிடும். இப்படி ஏற்றப்பட்ட கட்டுரைகளுக்காகத்தான் 2017-இல் ஆய்விதழ்களை வெளியிடும் எல்செவியர் நிறுவனமும் அமெரிக்க வேதியியல் சங்கமும் ரிசர்ச்கேட் மீது ஜெர்மனியில் வழக்குப் போட்டன. அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும். 2023-இல்தான் சமரசம் ஏற்பட்டது.

சரி, வேறு என்ன வழி? மதிப்பாய்வாளர்கள் சொன்ன திருத்தங்களையெல்லாம் செய்து, இதழ் ஏற்றுக்கொண்டதே, அந்தக் கடைசி வேர்டு கோப்பு இருக்கிறதல்லவா, அதைத் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். அதில் இதழின் பக்க எண்ணும் முத்திரையும் இருக்காது, விஷயம் அதேதான். அதைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில், அதாவது பல்கலைக்கழகம் தன் ஆய்வுகளைச் சேமித்து வைக்கும் இணையத் தளத்தில், வைக்கப் பல பதிப்பாளர்கள் அனுமதிக்கிறார்கள். சிலர் ஆறு மாதமோ ஓராண்டோ காத்திருக்கச் சொல்வார்கள். லாப நோக்கில் நடக்கும் தளங்கள் என்றால் கூடாது என்பவர்களும் உண்டு. எந்த இதழில் என்ன விதி என்று ஓப்பன் பாலிசி ஃபைண்டர் (முன்பு ஷெர்பா ரோமியோ) தளத்தில் இதழின் பெயரைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ரிசர்ச்கேட், அகாடெமியா இரண்டும் தனியார் நிறுவனங்கள்தான். அகாடெமியாவின் முகவரி 'இடியு' என்று முடிவதைப் பார்த்துப் பல்கலைக்கழகத் தளம் என்று நினைத்துவிடக் கூடாது. நாளைக்கே அவர்கள் விதிகளை மாற்றினால் நாம் கேட்க முடியாது. ஆகவே இதழ் ஏற்றுக்கொண்ட அந்தக் கடைசிப் பிரதியைக் களஞ்சியத்தில் வையுங்கள். இயற்பியல், கணிதம் என்றால் ஆர்க்கைவ் (arXiv) என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது. இயற்பியலாளர் பால் கின்ஸ்பார்க் 1991-இல் தொடங்கியது, இன்றும் எல்லோருக்கும் இலவசம். அந்த இணைப்பை ரிசர்ச்கேட் பக்கத்தில் கொடுத்துவிட்டால் போதும். தேடி வருபவர் கணக்குகூடத் தொடங்காமல் முழுக் கட்டுரையையும் படித்துவிடுவார்.