எண்டோமெட்ரியோசிஸ்: சாக்லேட் கட்டி இருந்தால் கருமுட்டைக்கு என்ன ஆகும்?

[திரையில்: திருவாரூர் பக்கம் ஒரு நடவு வயல்]

மாதவிலக்கு வலிக்கு வயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு சேற்றில் இறங்கும் பெண்கள் நம் டெல்டாவில் ஊருக்கு ஊர் உண்டு. "வலிக்கத்தான் செய்யும், ஒரு பிள்ளை பிறந்தா சரியாப் போயிடும்" என்பார்கள் வீட்டில். அந்தப் பிள்ளையே தள்ளிப்போவதற்கு, வலியைக் கொடுக்கும் நோயே சில சமயம் காரணமாகிவிடுகிறது. அதுதான் எண்டோமெட்ரியோசிஸ்.

கர்ப்பப்பையின் உட்சவ்வு மாதாமாதம் தடித்து, கரு தங்காவிட்டால் உதிரமாக வெளியேறும். அதைப் போன்ற திசு சினைப்பை, சினைக்குழாய், குடல் என்று வெளியே வளர்ந்தால் அங்கேயும் ரத்தம் கசியும். வெளியேற வழி இருக்காது. சுற்றிலும் அழற்சி உண்டாகி, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

[அனிமேஷன்: சினைப்பைக்குள் பழுப்பு நிறக் கட்டி]

சினைப்பைக்குள் பழைய ரத்தம் தேங்கினால் அது சாக்லேட் சிஸ்ட். அந்த ரத்தத்தில் இருக்கும் இரும்புச்சத்து, செல்களை அரிக்கும் வேதிப்பொருட்களை உண்டாக்குகிறது. கட்டியை ஒட்டியே கருமுட்டைகள் இருக்கின்றன. முட்டையை வளர்க்கும் துணைச் செல்களும் அதே இடத்தில்தான். நாகப்பட்டினம் கடலோரத்தில் உப்புத் தண்ணீர் ஏறிய நாற்றங்காலைப் பார்த்திருப்பீர்கள். விதை நல்லதாக இருந்தாலும் நாற்று தெளியாது. முட்டை முதிரும் கடைசி மூன்று மாதமும் அப்படியொரு இடத்தில்தான் கழிகிறது.

அப்படியென்றால் முட்டை எல்லாம் கெட்டுப்போகுமா? இல்லை. சினைப்பையில் கட்டி இருந்தால் முட்டைகளின் எண்ணிக்கை குறைவதைத்தான் மருத்துவர்கள் தெளிவாகப் பார்க்கிறார்கள். ஐ.வி.எஃப். எனும் சோதனைக்குழாய்க் குழந்தை சிகிச்சையில் கிடைக்கும் முட்டையும் குறைகிறது. தரத்தைப் பற்றி ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. முட்டையின் தரத்தை அதிகம் தீர்மானிப்பது வயதுதான். அதனால் 28 வயதில் இந்த நோய் என்று தெரிந்தவர் பயப்படத் தேவையில்லை. நாளைத் தள்ளிப்போடாமல் இருந்தால் போதும். இயற்கையாகவே கருத்தரிப்பவர்களும் நிறைய பேர்.

முட்டை நன்றாக இருந்தும் கரு நிற்காமல் போகலாம். ஒட்டுதலால் சினைக்குழாய் மடங்கிவிட்டால், வெளிவரும் முட்டையை அதனால் எடுத்துக்கொள்ள முடியாது.

[திரையில்: ஸ்கேன் ரிப்போர்ட், "இடது சினைப்பை, 4 செ.மீ. கட்டி"]

இந்த வரியைப் பார்த்ததும் "ஆபரேஷன் பண்ணி எடுத்துடுங்க டாக்டர்" என்று குடும்பமே சொல்லும். அங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். கட்டியின் தோலை உரிக்கும்போது நல்ல முட்டைகள் இருக்கும் திசுவும் சேர்ந்து வந்துவிடும். இரண்டு பக்கமும் கட்டி இருந்தால் இழப்பு இன்னும் அதிகம். தாங்க முடியாத வலி, புற்றுநோயோ என்று சந்தேகப்படும்படியான கட்டி, ஐ.வி.எஃப்.பில் முட்டை எடுக்க இடைஞ்சல் என்றால் ஆபரேஷன் தேவைப்படலாம். எதுவானாலும் முதலில் ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனை. கையிருப்பில் எவ்வளவு முட்டை என்று தோராயமாக அது காட்டும். ஸ்கேன் நார்மல் என்று வந்தாலும் நோய் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. சிறிய புண்கள் அதில் தெரிவதில்லை.

டயனோஜெஸ்ட் போன்ற ஹார்மோன் மாத்திரை வலியைக் குறைக்கும். ஆனால் கருத்தரிக்க உதவாது. அதைச் சாப்பிடும் காலம் முழுக்கப் பொதுவாக முட்டை வெளிவராது. அதனால் சீட்டு எழுதும் முன்பே "எங்களுக்குக் குழந்தை வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள்.

திருக்கருகாவூர் போய் கர்ப்பரட்சாம்பிகை சன்னிதியில் நெய் வாங்கி வருபவர்கள் தாராளமாக வாங்கி வரட்டும். அதோடு மகப்பேறு மருத்துவரையும் பாருங்கள். நோய் இருப்பது தெரிந்துவிட்டால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம், 35 வயதைத் தாண்டியவர்கள் இன்னும் சீக்கிரம். போகும்போது கணவரும் கூடவே வர வேண்டும். விந்துப் பரிசோதனையை முதல் வாரத்திலேயே முடித்துவிடலாம். அவருக்கு ஒரு குறை இருந்தால் சிகிச்சையின் வழியே மாறும்.