எட்டு மாதம் முதல் ஒரு வயது வரை: குறைந்த செலவில் குழந்தைக்கான விளையாட்டுப் பொருட்கள்

வணக்கம். எட்டு மாதம் கடந்து ஒரு வயதை நெருங்கும் குழந்தைக்கு என்ன விளையாட்டுப் பொருள் வாங்கலாம், அதையும் கையைக் கடிக்காத விலையில் எப்படி வாங்கலாம் என்று உங்களில் பலர் தொடர்ந்து கேட்டு வருகிறீர்கள். 'மூளை வளர்ச்சிக்கு' என்று பெட்டியின் மேல் அச்சிட்டு 2,000 ரூபாய்க்கும் 3,000 ரூபாய்க்கும் விற்கப்படும் பொருட்களை வாங்க இயலாததால், பிள்ளைக்கு ஏதோ குறை வைத்துவிட்டோமோ என்று வருந்தி எழுதியவர்களும் உண்டு. அந்த வருத்தம் தேவையே இல்லை என்று முழு மனத்தோடு சொல்கிறேன்.

பொம்மைக் கடையில் நிற்கும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான். இதை வைத்து விளையாடும்போது வேலை செய்யப்போவது குழந்தையா, பொம்மையா? பொத்தானைத் தட்டியதும் தானே பாடி, தானே சுழன்று, தானே விளக்கெரிக்கும் பொம்மையின் முன்னால் குழந்தைக்கு வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு வேலை இருப்பதில்லை. சும்மா கிடக்கும் ஒரு கிண்ணமோ, குழந்தை எடுத்துத் தட்டினால்தான் ஒலிக்கும், கவிழ்த்தால்தான் கவிழும், உருட்டினால்தான் உருளும்.

இந்த வயதில் கைகளில் நடக்கும் மாற்றத்தைக் கவனித்துப் பாருங்கள். எட்டு மாதத்தை ஒட்டிய குழந்தை பொருளை உள்ளங்கையால் வாரிப் பிடிக்கும். ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றும். இரண்டு பொருட்களை ஒன்றோடொன்று மோதிப் பார்க்கும். ஒன்பது, பத்து மாதங்களில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு சோற்றுப் பருக்கையைக்கூடக் கிள்ளி எடுக்கத் தொடங்குகின்றன. ஆனால் பிடிப்பதைவிடக் கடினமான வித்தை ஒன்று உண்டு. பிடித்ததை வேண்டுமென்றே, வேண்டிய இடத்தில் விடுவது. மடியில் உட்கார்ந்துகொண்டு கரண்டியை மீண்டும் மீண்டும் கீழே போடும் குழந்தை அடம் பிடிக்கவில்லை. விரல்களைத் திறக்கவும், விட்ட பொருள் எங்கே போகிறது என்று கண்ணால் தொடரவும் அது பயின்றுகொண்டிருக்கிறது.

ஆகவே முதல் விளையாட்டுப் பொருளுக்குச் செலவே இல்லை. இதோ, அகன்ற வாயுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா. இதற்குள் ஓர் எவர்சில்வர் தம்ளர், குட்டையான காம்புள்ள மரக் கரண்டி, கைக்குட்டையை முடிந்து செய்த துணிப் பந்து, ஊறுகாய் ஜாடியின் பெரிய மூடி ஆகியவற்றைப் போட்டு, உட்கார்ந்திருக்கும் குழந்தையின் முன்னால் வைக்கிறேன். முதலில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போடுவதுதான் நடக்கும். உள்ளே போடுவது சில வாரங்கள் கழித்தே வரும். எவர்சில்வர் குளிர்ச்சியாக இருக்கிறது, மரம் அப்படி இல்லை; ஒன்று 'ணங்' என்கிறது, மற்றொன்று 'டொக்' என்கிறது; துணியைத் தட்டினால் ஓசையே இல்லை. ஆங்கிலேயக் குழந்தைக் கல்வியாளர் எலினோர் கோல்ட்ஷ்மீட், நன்கு உட்காரத் தெரிந்த கைக்குழந்தைகளுக்கு இப்படி வீட்டுப் பொருட்களை ஒரு கூடையில் வைத்துக் கொடுக்கும் முறையையே வகுத்தார். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் பெற்றோருக்காக உருவாக்கிய வழிகாட்டிக் கையேடும், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தட்டவும் கீழே போடவும் சுத்தமான, பாதுகாப்பான வீட்டுப் பொருட்களைக் கொடுக்கச் சொல்கிறது. நம் அடுக்களையில் இல்லாதது எதையும் அது கேட்கவில்லை.

அடுத்து, மறைத்து வைக்கும் விளையாட்டு. சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே தம் குழந்தைகளையே உற்றுநோக்கி எழுதியவற்றில், ஏறக்குறைய எட்டு மாதத்திலிருந்து குழந்தை கண்ணெதிரே மறைக்கப்பட்ட பொருளைத் தேடத் தொடங்குகிறது என்பது முக்கியமானது. ஒரு துண்டின் அடியில் தம்ளரை மறைத்துக் காட்டுங்கள். குழந்தை துண்டை இழுத்துக் கண்டுபிடிக்கும். சில முறை கழித்து, அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே தம்ளரை வேறொரு துண்டின் அடியில் மறைத்தால், பல குழந்தைகள் பழைய துண்டின் அடியிலேயே தேடும். இந்த வயதுக்கு அது இயல்பானது. ஒரு வயதுக்குப் பிறகு மெல்ல மாறும்.

கையில் ஒரு 200 ரூபாய் இருந்தால் என்ன வாங்குவது என்று கேட்டால், ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் அடுக்குக் கிண்ணங்களைச் சொல்வேன். இப்போது கழற்றிக் கலைக்கும் குழந்தை, ஒரு வயதுக்குப் பிறகு ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும்; பிறகு அளவறிந்து ஒன்றுக்குள் ஒன்று வைக்கும்; குளிக்கும்போது தண்ணீர் மொண்டு ஊற்றும். இவற்றோடு டென்னிஸ் பந்தின் அளவுள்ள மென்மையான ஒரு பந்தும், தடித்த அட்டையில் பெரிய படங்கள் உள்ள ஒரு புத்தகமும் இருந்தால் போதும்.

உறவினர்கள் ஆசையோடு வாங்கித் தரும் வாக்கரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குழந்தையை நடுவில் உட்காரவைத்துச் சக்கரத்தில் உருட்டும் அந்த வாக்கர் நடைபழக உதவுவதில்லை. படிக்கட்டில் உருண்டு விழவும், சூடான பாத்திரத்தை எட்டிப் பிடிக்கவும் வழி செய்கிறது. கனடா 2004ஆம் ஆண்டிலேயே அதன் விற்பனையைத் தடை செய்தது. நம் ஊர் நடைவண்டி வேறு வகையானது. எங்கள் திருநெல்வேலியில் ஆனித் தேரோட்டக் கடைகளில் இன்றும் கிடைக்கும் அந்த மூன்று சக்கர மரவண்டியில், குழந்தை தன் கால்களில் தானே நின்று, தன் எடையைத் தானே தாங்கித் தள்ள வேண்டும். ஆனால் எதையாவது பிடித்துக்கொண்டு தானாக எழுந்து நிற்கத் தொடங்கிய பிறகே அதைக் கொடுக்க வேண்டும். வழுவழுப்பான டைல்ஸ் தரையில் அது வேகமாக ஓடிவிடும் என்பதால், சொரசொரப்பான தரையில், அருகிலேயே ஒருவர் இருந்து பழக்குங்கள்.

மின்கலத்தில் பாடும் பொம்மைகளைப் பற்றி அமெரிக்காவில் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்னா சோசா ஓர் ஆய்வு செய்தார். 2016இல் அச்சில் வந்தது. 10 முதல் 16 மாதக் குழந்தைகளும் பெற்றோருமாக 26 இணைகளை அவர்கள் வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தபோது, மின்னணுப் பொம்மைகளோடு விளையாடிய நேரத்தில் பெற்றோர் பேசிய சொற்களும், குழந்தையோடு மாறி மாறி நடந்த உரையாடலும் குறைந்திருந்தன. புத்தகத்தோடு இருந்தபோதுதான் பேச்சு மிகுந்திருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் பொம்மை பேசத் தொடங்கினால் நாம் வாயை மூடிக்கொள்கிறோம் என்பதை நம் வீட்டிலேயே காணலாம்.

பாதுகாப்பில் மட்டும் விலையைக் காரணம் காட்டி விட்டுக்கொடுக்காதீர்கள். இந்த வயதில் கைக்கு வருவதெல்லாம் வாய்க்குப் போகும். பொம்மைத் தரச் சோதனையில் ஓர் உருளைக்குள் முழுதாக அடங்கும் பொருளைத் தொண்டையில் சிக்கக்கூடிய சிறு பாகமாகக் கருதுகிறார்கள். அந்த உருளையின் விட்டம் 3.17 செ.மீ.; நமது பத்து ரூபாய் நாணயம் 2.7 செ.மீ. நான் 4 செ.மீ. விட்டத்துக்குக் குறைந்த எதையும் கொடுப்பதில்லை. புளியங்கொட்டை, நிலக்கடலை, பயறு ஆகியவற்றைப் பாட்டிலில் அடைத்துக் கிலுகிலுப்பை செய்வதை நான் பரிந்துரைக்கவில்லை. மூடி கழன்றால் அவை மூச்சுக்குழாயில் சிக்கும். பொத்தான் வடிவ மின்கலம் இன்னும் கொடியது. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைக் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். ஆகவே மின்கல மூடி திருகாணியால் இறுக்கப்படாத பொம்மை வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. மின்கலத்தை விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் வந்தாலே உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. தர முத்திரை கட்டாயம். அதை வழங்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் உரிம எண்ணை இட்டுச் சரிபார்க்கலாம். பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு என்பதால், மரச் சாமான்களில் அந்த முத்திரை இல்லாமல் இருக்கலாம். அவற்றை வாங்கும்போது சாயம் பூசாதவற்றையோ, இயற்கைச் சாயம் கலந்த அரக்கு ஏற்றியவற்றையோ விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். ஈரத்துணியால் துடைத்தபோது நிறம் ஒட்டவில்லை என்பதால் மட்டும் பெயிண்டில் ஈயம் இல்லை என்று ஆகிவிடாது. மரச் சொப்புகளில் உள்ள மிகச்சிறிய உருப்படிகளை மூன்று வயது வரை எடுத்து வைத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பரப்பவும் வேண்டாம். நான்கைந்து பொருட்களை மட்டும் வெளியே வைத்து, ஆர்வம் குறைந்ததும் மாற்றுங்கள்.

விளையாடும்போது நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று மீதம் இருக்கிறது. ஒன்பது மாதம் முடிந்தும் பிடித்துக்கொண்டால்கூட உட்காராமல் இருந்தாலோ, பொருளைக் கை மாற்றாமல் இருந்தாலோ, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமல் இருந்தாலோ, எப்போதும் ஒரே கையை மட்டும் பயன்படுத்தினாலோ, 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தையாக இருந்தால், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து வயதைக் கணக்கிட வேண்டும். வளர்ச்சித் தாமதத்தைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து உதவும் அரசின் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் இந்தப் பரிசோதனையும் பயிற்சியும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. உங்கள் பகுதி கிராம சுகாதாரச் செவிலியரிடமோ அங்கன்வாடிப் பணியாளரிடமோ கேட்டால் வழி சொல்வார்கள்.