உறைபனியில் பைபர் சுவர்

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பைபர் என்றால் குளியலறைக் கதவு. தொண்டிக் கடலோரம் போனால் அதுவே படகு. கண்ணாடி இழையை ரெசின் என்ற பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக இறுக்கிய அதே வகைப் பொருளில்தான் சியாச்சினில் நம் வீரர்கள் தங்கும் குடில்களும் அமைக்கப்படுகின்றன. அங்கே மைனஸ் 50 டிகிரிக் குளிர்கூட உண்டு. அந்தச் சுவர் எப்படித் தாங்குகிறது?

குளிரக் குளிர ரெசின் விறைக்கும். பாரம் தாங்கும் வலு கொஞ்சம் கூடவே செய்யும். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. ஒரே குளிருக்கு, ரெசின் கண்ணாடி இழையைப் போலப் பத்து மடங்கு சுருங்கப் பார்க்கும். இழை விடாது. இந்த இழுபறியில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். அதில் நீர் புகுந்து உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரிந்து, கீறலை இன்னும் பிளக்கும். மாறாத கடுங்குளிரைவிட, பகலில் உருகி இரவில் உறையும் ஊர்தான் இந்தச் சுவருக்குக் கொடியது என்பேன்.

ஆனாலும் பனிப் பிரதேசத்தில் இதை நாடுவதற்குக் காரணம் இருக்கிறது. இரும்பு கடத்தும் வெப்பத்தில் நூறில் ஒரு பங்குகூட இது கடத்தாது. நடுவே நுரைப் பலகை வைத்துவிட்டால் உள்ளே இருக்கும் சூடு உள்ளேயே நிற்கும். அண்டார்டிகாவில் பிரிட்டனின் ஹாலி 6 ஆய்வு நிலையத்துக்கு இப்படித்தான் சுவர் போட்டிருக்கிறார்கள். பனிமேல் சறுக்குக் கட்டைகளில் நிற்கும் அந்த நிலையத்தையே, பனித்தட்டில் வெடிப்பு நெருங்கியதால், 2017-க்குள் 23 கிலோமீட்டர் தள்ளி இழுத்துப் போய் நிறுத்தினார்கள். கனமான சுவராக இருந்திருந்தால் அது எளிதில் நடக்கிற காரியமா?

பைபர் சுவரில் அடுக்கு பிரிந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நாணயம் போதும். தட்டினால் நல்ல இடம் கணீரென்று கேட்கும். பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். நம் பழைய வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தனார் தட்டிப் பார்ப்பாரே, அதே கைப்பழக்கம்தான்.

கனடா போன்ற குளிர்நாட்டில் வீடு கட்டும் உங்கள் பிள்ளைகளிடம் ஒன்று சொல்லுங்கள். பைபர் பலகையில் துளை போட்டால், வெட்டுப்பட்ட விளிம்பை ரெசின் பூசி அடைக்கச் சொல்லுங்கள். துளை, திருகாணியைவிடச் சற்றுப் பெரிதாகவும் இருக்கட்டும். 6 மீட்டர்ப் பலகை, 60 டிகிரி வெப்பம் இறங்கினால் 3, 4 மில்லிமீட்டர் சுருங்கும். அலுமினியச் சட்டமோ 8 மில்லிமீட்டர். இடம் விடாமல் முடுக்கினால் முதல் குளிர்காலத்திலேயே திருகாணியைச் சுற்றி வெடிப்பு விடக்கூடும்.