முறைப்புக்கும் அரிவாளுக்கும் நடுவே ஒரு திண்ணை
(காரைக்குடியில் ஒரு படிப்பகத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, மாநகராட்சி மன்ற உறுப்பினர் அவர்களே, உடம்பு முடியாத நிலையிலும் கானாடுகாத்தானிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, மதியம் வந்தவர்களுக்கெல்லாம் இலை போட்டு வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் பரிமாறிய ஆச்சிமார்களே, மைக் செட் போட்டுக் கொடுத்த தம்பிகளே, கடைசி வரிசையில் நின்றுகொண்டே கேட்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம். போர்த்திய பொன்னாடைக்கு நன்றி. இது 1939இல் கம்பன் கழகம் பிறந்த ஊர். குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடிப்பது அந்த விழாவின் மரபு. அதை மதித்து நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று செய்திகள் சொல்லலாம் என்று வந்தேன். ஏழைத் தெருக்களில் மரியாதை எப்படிக் கணக்காகிறது என்பது ஒன்று. ஒரு முறைப்பு எப்படிக் கொலை வரை போகிறது, அதை எந்த இடத்தில் நிறுத்தலாம் என்பது இரண்டு. அதற்கு நம் ஊரில் நாம் என்ன செய்யலாம் என்பது மூன்று.

நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. 'அடி உதவுவது போல அண்ணன் தம்பி உதவ மாட்டான்.' பெரியவர்கள் இதற்கு, ஆண்டவன் திருவடி உதவுவது போல் உறவு உதவாது என்று பொருள் சொல்வார்கள். தெருவில் வளர்கிற பையன் காதில் அது வேறு மாதிரி விழுகிறது. கையில் அடி இருந்தால் போதும், அண்ணன் தம்பிகூடத் தேவையில்லை என்று எடுத்துக்கொள்கிறான். ஒரே சொற்றொடர், ஒரு வீட்டில் பக்தி, அடுத்த சந்தில் அரிவாள்.

அமெரிக்காவில் பிலடெல்பியா என்று ஒரு நகரம். எலைஜா ஆண்டர்சன் என்ற சமூகவியலாளர் அங்கே பல ஆண்டுகள் தெருவில் நின்று, பார்த்து, பேசி, இந்த எழுதாத சட்டத்தை எழுதி வைத்தார். ஜெர்மன்டவுன் அவென்யூ என்று ஒரு நீண்ட சாலை. வடமேற்கில் செஸ்ட்நட் ஹில், வசதியான வீடுகள், நல்ல கடைகள். அங்கே எதிரே வருகிறவர் கண்ணைப் பார்த்துச் சிரிக்கலாம். அதே சாலையில் தெற்கே இறங்க இறங்கக் கடைகளில் இரும்புக் கம்பி ஏறுகிறது, காலி மனை கூடுகிறது, கண்ணைப் பார்ப்பதே ஆபத்தாகிறது. சாலை ஒன்றுதான், அதில் சட்டம் இரண்டு.

அந்தத் தெருக்கள் பிறக்கும்போதே அப்படிப் பிறக்கவில்லை. வட பிலடெல்பியாவில் ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்ட ஸ்டெட்சன் தொப்பி ஆலை 1971இல் மூடியது. நெசவாலைகள் போயின. 1950இல் 20 லட்சத்துக்கு மேல் இருந்த நகரம் 2000இல் 15 லட்சத்துக்கு வந்துவிட்டது. போக முடிந்தவர்கள் போனார்கள். நிறவெறியால் வேலையும் வீட்டுக் கடனும் மறுக்கப்பட்ட கறுப்பின மக்கள் தங்கினார்கள். பிழைப்பு போனால் ஊர் என்னாகும் என்று செட்டிநாட்டுக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1942இல், நம் ஊரார் தொழில் நடத்திய பர்மாவுக்குள் ஜப்பான் படை வந்தபோது எத்தனை வீட்டு அடுப்பு அணைந்தது என்று இங்குள்ள பெரியவர்கள் கேட்டு வளர்ந்திருப்பார்கள். நமக்கு மிச்சம் நிலமும் வீடும் உறவும் இருந்தன. அவர்களுக்கு மிஞ்சியது மரியாதை ஒன்றுதான். பணம் இல்லாத இடத்தில் மரியாதைதான் பணம். அதைத் திருடலாம், பறிக்கலாம், காவல் காக்க வேண்டும்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஒரு குறிப்பிட்ட வீட்டின் கதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே பல வீடுகளில் நடப்பதை ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறேன்.

பத்து வயதுப் பையன். அம்மா பால் வாங்கக் காசு கொடுத்து அனுப்புகிறாள். மூலைக் கடைக்கு முன்னால் நாலு பேர். ஒருத்தன் காசைப் பிடுங்குகிறான், இன்னொருத்தன் தலையில் இருந்த தொப்பியை எடுத்து மாட்டிக்கொள்கிறான். பையன் அழுதுகொண்டே ஓடி வருகிறான். அம்மா யார்? ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவள். இரண்டு வேலை பார்க்கிறவள். பிள்ளைக்கு இரவு ஜெபம் சொல்லிக்கொடுக்கிறவள். அவள் கதவைத் திறக்கவில்லை! உள்ளே இருந்தே சொல்கிறாள்: "போ. போய் உன் தொப்பியை வாங்கிட்டு வா. வாங்காம வந்தா இங்கேயும் அடி விழும்." அவன் கதவைத் தட்டுகிறான். திறக்கவில்லை. படியில் உட்கார்கிறான். எழுந்திருக்கிறான். மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு திரும்ப நடக்கிறான். அம்மா ஜன்னல் திரைக்குப் பின்னால் நிற்கிறாள், சேலைத் தலைப்பு இருந்தால் வாயில் கவ்வியிருப்பாள். நாலு பேர் மேல் ஒற்றை ஆளாகப் போய் விழுகிறான். ஒரே ஒரு குத்து விடுகிறான், பத்து வாங்குகிறான். தொப்பி கிடைக்கவில்லை. உதடு கிழிந்து, சட்டையில் இரண்டு பொத்தான் போய் வருகிறான். இப்போது கதவு திறக்கிறது. அவள் வெந்நீரில் துணி நனைத்துத் துடைக்கிறாள். இருவரும் பேசவில்லை. மறுநாள் அதே கடை, அதே நாலு பேர். ஒருத்தன் தலையை மட்டும் ஆட்டுகிறான். யாரும் அவனைத் தொடவில்லை.

ஆச்சிமார்களே, அந்தத் தாய் கெட்டவளா? இரவு ஒன்பது மணிக்குத் தன்னால் அவன்கூட நடக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். போலீசைக் கூப்பிட்டால் வர நேரமாகும், வந்தாலும் அடிபட்டவனையே சந்தேகப்படும் என்று அந்தத் தெருவே நம்புகிறது. அடி உதவுவது போல அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்ற பாடத்தை அவள் மனசில்லாமல்தான் நடத்துகிறாள். அந்தத் தெருக்களில் பெரும்பாலான குடும்பங்கள் இவளைப் போன்ற கண்ணியமான குடும்பங்களே என்று ஆண்டர்சன் அழுத்திச் சொல்கிறார். அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு முகம் பழகுகிறார்கள். வீட்டில் ஒன்று, மூலையில் ஒன்று. புத்தகத்தை உள்சட்டைக்குள் மறைத்துக்கொண்டு நடை, பேச்சு, பார்வை மூன்றையும் வாசலிலேயே மாற்றிக்கொள்கிறார்கள்.

இனி சண்டை மூளும் முறை. முதலில் பார்வை, தேவைக்கு மேல் ஒரு கணம். அடுத்து ஒரு சொல், "என்னடா முறைக்கிற?" மூன்றாவது கூட்டம். இந்த மூன்றாவதுதான் விஷம். இருவர் மட்டும் இருந்தால் ஒருவன் விலகிப் போய்விடுவான். நாலு பேர் பார்க்கும்போது விலகினால் நாளைக்கு அத்தனை பேரும் ஏறி மிதிப்பார்கள். நான்காவது, கூட்டாளியை அழைத்து வருவது. ஐந்தாவது ஆயுதம். அங்கே துப்பாக்கி, இங்கே அரிவாள். வாய்ச்சண்டைக்கும் ஆயுதத்துக்கும் நடுவே பெரும்பாலும் சில மணி நேரம் இருக்கிறது. எல்லா வேலையும் அந்தச் சில மணி நேரத்தில்தான்.

இது நம் ஊர் இல்லை என்று யாரும் நிம்மதியாக இருக்க வேண்டாம். அதற்கு நம் பையன்கள் வைத்திருக்கும் பெயர் 'கெத்து'. ஃபிளெக்ஸில் தன் படம் சின்னதாகப் போனது என்று அடிதடி. பைக்கில் முந்தியதற்கு அடிதடி. பிறந்தநாள் கேக்கைப் பட்டாக்கத்தியால் வெட்டி வீடியோ. கையில் சாதி நிறக் கயிறு. 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்ட பிறகு அமைந்த நீதியரசர் சந்துரு குழு, 2024இல் அந்தக் கயிறுகளைப் பள்ளியில் தடுக்கச் சொன்னது. பெரியவர்கள் நாம் மட்டும் யோக்கியமா? பக்கத்தில் கண்டதேவி. எல்லாரும் வடம் பிடிக்க வேண்டும் என்ற நியாயமான கோரிக்கையை ஏற்க மனமில்லாமல், மரியாதைப் பிணக்கில் தேர் ஆண்டுக்கணக்கில் நின்றது. 2024 ஜூனில் நீதிமன்றம் தலையிட்டுப் போலீஸ் காவலோடுதான் ஓடியது. முதல் மரியாதைக்கு நாம் போடும் சண்டையைப் பார்த்துத்தான் பிள்ளை கெத்தைப் படிக்கிறான்.

சிகாகோவில் கேரி ஸ்லட்கின் என்ற தொற்றுநோய் மருத்துவர் வேறு வழி பார்த்தார். காசநோயையும் காலராவையும் பார்த்தவர், வன்முறையும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது என்று கண்டு, 2000இல் வெஸ்ட் கார்ஃபீல்டு பார்க் பகுதியில் வேலையைத் தொடங்கினார். பிறகு அதே தெருவில் வளர்ந்த, பழைய கும்பல் வாழ்க்கையை விட்டு வந்த ஆட்களையே இடைமறிப்பவர்களாக அமர்த்தினார்கள். அவர்கள் முதலில் இருவரையும் தனித்தனியே அழைத்துப் போய்க் கூட்டத்தைக் கலைப்பார்கள். யார் சரி என்று கேட்க மாட்டார்கள். விலகுவதற்கு ஒரு கௌரவமான சாக்கு கொடுப்பார்கள்: "அவனுக்காக இல்லடா, எனக்காக விடு." அடிபட்டவன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே போய், பழிவாங்கக் கிளம்பும் அண்ணன் தம்பியைப் பிடிப்பார்கள். பிறகும் நாள் கணக்கில் விடாமல் போய்ப் பார்ப்பார்கள். எல்லா நகரத்திலும் ஒரே பலன் கிடைக்கவில்லை. சம்பளம் நின்று ஆட்கள் கலைந்தால் வேலையும் கலைந்துவிடும்.

நாம் கேட்பது அவ்வளவு பெரிய செலவு இல்லை. இந்த ஊரில், பள்ளத்தூரில், கோட்டையூரில், தேவகோட்டையில் எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது! வெளித் திண்ணை வெறுமனே கிடக்கிறது, எதிரே கல்வெர்ட்டில் பையன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தத் திண்ணையை மாலை ஆறிலிருந்து எட்டரை வரை திறந்து விடுங்கள். முகப்புக்குள், வளவுக்குள் யாரும் வர வேண்டாம். இரண்டு குழல்விளக்கு, ஒரு பானைத் தண்ணீர், நாளிதழ் இரண்டு, ஒரு கேரம் போர்டு. தெருவுக்கு மூன்று பேர் பொறுப்பு. அதில் ஒருவர் பெண், ஒருவர் முப்பது வயதுக்குட்பட்டவர், மூவரும் ஒரே சாதியாக இருக்கக் கூடாது.

எங்கே கெடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்சிக் கொடி ஏறினால் கெட்டது. அபராதம் வாங்கினால் அது கட்டப் பஞ்சாயத்து. கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சொல்லிவிட்டது. ஆகவே திண்ணையில் தீர்ப்பு கிடையாது, பணம் கிடையாது. இருவரையும் ஆற வைப்பது மட்டும்தான். ரத்தம் வந்திருந்தால், பெண்ணோ குழந்தையோ பாதிக்கப்பட்டிருந்தால், சாதி சொல்லி இழிவு செய்திருந்தால், நேரே காவல் நிலையம். அதில் சமாதானம் பேச யாருக்கும் உரிமையில்லை. இன்னொரு சிக்கல் பங்காளிகள். ஒரு வீட்டுக்குப் பதினைந்து இருபது புள்ளி, அதாவது பங்குள்ள குடும்பங்கள், இருக்கும், ஒருவர் மறுத்தாலும் திண்ணை கிடைக்காது. சென்னையில் இருப்பவர் சரி சொல்வார், சிங்கப்பூரில் இருப்பவர், கூட்டம் கூடினால் வீடு போய்விடும் என்று பயப்படுவார். அந்தப் பயம் நியாயம். அதனால் இடத்துக்கு வாடகையோ பாத்தியமோ எதுவும் கோர மாட்டோம், கேட்டால் மறுநாளே காலி செய்வோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

அடி உதவுவது போல அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று நம்பி வளர்கிறவனுக்கு, உதவுகிற அண்ணன் ஒருவன் ஆறு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டும். இதைத்தான் இந்த மேடையில் கேட்டுப் போக வந்தேன்.

தலைவர் ஐயா மணியைத் தொட்டுவிட்டார்கள். மேடைக்கு இடப்புறம் மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. திண்ணை தர முடிந்தவர்கள் தெருப் பெயரையும் சாவி வைத்திருக்கும் காவல்காரர் பெயரையும் எழுதுங்கள். வெளியூர்ப் பங்காளிகளின் கையெழுத்தை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம். மாலையில் இரண்டு மணி நேரம் உட்கார முடிந்தவர்கள் பின்பக்கத்தில் எழுதுங்கள். கடைசி வரிசைத் தம்பிகள் முதலில் வாருங்கள்.