அம்பு முனையும் பிசிறும்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம், வில்லுக்கென்று தனியாக ஒரு மான் வேட்டைப் பருவத்தை 1934-ஆம் ஆண்டிலேயே அனுமதித்தது. இன்றும் அங்கே செப்டம்பர் நடுவில் அந்தப் பருவம் தொடங்குவதற்குச் சில நாள்கள் முன்பிருந்து, வீட்டுக் கொட்டகைகளில் சாணைக்கல்லும் எண்ணெயுமாகச் சிலர் அமர்ந்துவிடுவார்கள். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. ஆகவே அங்கே உரிமம் பெற்று வேட்டையாடுவோர் அம்பின் அலகை எவ்வாறு தீட்டுகிறார்கள் என்பதை மட்டுமே இன்று சொல்லவிருக்கிறேன்.

துப்பாக்கிக் குண்டு தன் வேகத்தாலேயே உடலைச் சிதைத்துவிடும். அம்புக்கு அந்த வேகம் இல்லை. இன்றைய கப்பி வைத்த வில்லிலிருந்து புறப்பட்டாலும் அது நொடிக்கு ஏறத்தாழ 300 அடிதான் செல்லும். இரத்தக் குழாய்களை அறுப்பதொன்றே அதன் வேலை. மழுங்கிய அலகு பட்டால் குழாய் அறுபடாமல் நழுவி ஒதுங்கக்கூடும். திசு கசங்கிக் கிழிந்த இடத்தில் இரத்தமும் விரைவில் உறையும். அப்போது அந்த மான் காயத்தோடு ஓடி, எவர் கண்ணிலும் படாமல் நெடுநேரம் துன்புறும்.

1911-இல் கலிபோர்னியாவின் ஒரவில் ஊரில் தனியனாக வந்து சேர்ந்த, யாகி என்னும் அமெரிக்கப் பூர்வகுடி இனத்தவரான இஷி, எரிமலைக் கண்ணாடியிலும் உடைந்த பாட்டில் துண்டுகளிலும் மான்கொம்பு முனையால் அழுத்திச் சில்லுகளைப் பெயர்த்தே அம்பு முனை செய்தார். அவரிடம் வில்வித்தை கற்ற சாக்ஸ்டன் போப் ஓர் அறுவை மருத்துவர். கூர்மை என்னவென்று அவருக்கு வேறெவரும் சொல்லித்தர வேண்டியிருந்திராது என்றே எனக்குத் தோன்றும்.

எஃகு அலகுக்கு வருவோம். மூன்று அலகு கொண்ட முனை தீட்டுவதற்கு மிக எளிது. அலகுகள் 120 பாகை இடைவெளியில் நிற்பதால், இரண்டைக் கல்லின்மேல் படியவைத்தால் ஒவ்வொன்றும் தானாகவே 30 பாகையில் சாய்ந்துகொள்ளும். கைக்கு வேலையே இல்லை. இரண்டு அலகு முனையில் அந்தச் சலுகை கிடையாது. பக்கத்துக்கு 20 முதல் 25 பாகை வரை சாய்வை நாமேதான் தவறாமல் பிடிக்க வேண்டும். இதற்கு ஒரு நல்ல உபாயம் உண்டு: சாய்ந்த பரப்பில் கறுப்பு மார்க்கரால் மை பூசி, கல்லில் ஒருமுறை இழுத்துப் பார்த்தால், மை அழிந்த இடத்தைக் கொண்டு கல் விளிம்பைத் தொடுகிறதா, சாய்வு தொடங்கும் மேல்பகுதியான அலகின் தோளில் மட்டும் உரசுகிறதா என்பது தெரிந்துவிடும்.

பெரும்பாலோர் ஏமாறுவது இதற்குப் பிறகுதான். ஒரு பக்கத்தைத் தேய்க்கத் தேய்க்க, எஃகு விளிம்பைத் தாண்டி மறுபக்கமாக மெல்லிய இழையாக மடங்கும். பட்டறைக்காரர்கள் பிசிறு என்பது இதைத்தான். பிசிறு முழு நீளத்துக்கும் எழாவிட்டால் அந்தப் பக்கம் இன்னும் தீரவில்லை என்று பொருள். ஆனால் எழுந்த பிசிறை அப்படியே விட்டுவிட்டாலோ, விரல் நுனிக்கு அது கூர்மையாகவே படும், தாளைக்கூட வெட்டும், தோலிலும் எலும்பிலும் பட்ட கணத்தில் மடிந்துபோகும். எனவே நுண்ணிய கல்லில், வரவர அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே பக்கம் மாற்றி மாற்றி இழுத்து, கடைசியில் முடிதிருத்துவோர் சவரக் கத்தியைத் தீட்டுவதுபோலத் தோல்வாரில் விளிம்பு பின்னே வரும்படி இழுத்து அதை நீக்க வேண்டும். முன்னோக்கித் தள்ளினால் தோல்தான் அறுபடும்.

முன்கை மயிரை மழித்துப் பார்ப்பது பழைய சோதனை. தளர்வாகப் பிடித்த ரப்பர் பட்டையின்மேல் அலகை மெல்ல வைத்துப் பார்ப்பதே எனக்கு நம்பகமாகப் படுகிறது. உண்மையான விளிம்பு அதைத் தொட்டதும் அறுக்கும், பிசிறு இழுத்துத் தள்ளும்.

மின்சாணையில் வைத்து அவசரப்படுவோரும் உண்டு. எஃகு நீலம் பாய்ந்துவிட்டால் அதன் பதம் போய்விட்டது. எத்தனை தீட்டினாலும் அந்த விளிம்பு நிற்காது. தீட்டும்போது முனையைக் கையில் பிடிக்காமல், அம்புத் தண்டிலேயே திருகிக்கொண்டு தண்டைப் பிடிப்பது பாதுகாப்பானது. வேலை முடிந்ததும் துரு ஏறாதிருக்க மெல்லிய எண்ணெய்ப் பூச்சு தேவை. தூணியில் அலகுகள் ஒன்றோடொன்று உரசினால் அத்தனை உழைப்பும் வீணாகும் என்பதால், ஒவ்வொரு முனையையும் தனித்தனியே நுரைப்பஞ்சில் பதித்து வைக்கிறார்கள். பயிற்சிக்காக ஒருமுறை மண்மேட்டில் எய்த அம்பை, மீண்டும் கல்லுக்குக் கொண்டுபோகாமல் காட்டுக்கு எடுத்துச் செல்வதில்லை. வணக்கம்.