'டர்னர் பிள்ளைதானே' என்று விட்டுவிடாதீர்கள்

அனைவருக்கும் வணக்கம்.

வளர்ச்சி அட்டையை என் மேஜையில் வைக்கும்போதே பல பெற்றோர் சொல்லிவிடுவார்கள்: "டர்னர் இருக்கிற பிள்ளைதானே டாக்டர், உயரம் கம்மியாத்தான் இருக்கும்." அந்தத் 'தானே'தான் எனக்குப் பயம்.

பெண்ணுக்குரிய இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று முழுதாகவோ ஒரு பகுதியோ இல்லாமல் போவது டர்னர் சிண்ட்ரோம். பிறக்கும் பெண் குழந்தைகளில் ஏறக்குறைய 2,000 முதல் 2,500 பேருக்கு ஒருவர். ஹென்றி டர்னர் இதை விவரித்தது 1938-இல். எக்ஸ் ஒன்று குறைகிறது என்று தெரிந்தது 1959-இல். வரலாறு போதும், கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பிக்கு வருவோம்.

இந்தப் பெண்களுக்கு உடலின் காவல் படையே தைராய்டைத் தாக்கி, அதன் சுரப்பை மெல்லக் குறைக்கும் ஹாஷிமோட்டோ நோய் மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. வயது ஏற ஏற வாய்ப்பும் ஏறும். எக்ஸின் நீண்ட கை இரட்டித்து நிற்கும் வகையினரிடம் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். அளவுக்கு மீறிச் சுரப்பதும் உண்டு, ஆனால் அது குறைவு.

சிக்கல் என்னவென்றால், தைராய்டு குறைந்தாலும் உயரம் நின்றுபோகும், டர்னரிலும் உயரம் குறைவு. சோர்வு, மலச்சிக்கல், வறண்ட தோல் எல்லாம் மெல்ல வருவதால் வீட்டில் யாருக்கும் உறைக்காது. ரத்தத்தில் முதலில் டிஎஸ்எச், அதாவது தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன், ஏறும். தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 அப்போதும் சரியாகவே இருக்கலாம். அதனால்தான் அறிகுறிக்குக் காத்திராமல் வருடம் ஒருமுறை பார்க்கச் சொல்கிறோம். போன வருட 'நார்மல்' போன வருடத்துக்குத்தான்.

வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடுபவர்கள் டிஎஸ்எச், டி4 இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஊசி தொடங்கிய பின் சிலருக்கு டி4 இறங்கும், டிஎஸ்எச் ஏறாமலே இருக்கும். ஊசி போட்டும் உயரக்கோடு படுத்தே கிடந்தால் ஊசியைத் திட்டும் முன் தைராய்டைப் பாருங்கள்.

மாத்திரை விஷயம். ஓர் அம்மா தைராய்டு குறைவுக்குத் தரும் தைராக்சின், இரும்பு, கால்சியம் மூன்றையும் ஒரே உள்ளங்கையில் வைத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவந்தார். ஒருநாளும் தவறியதில்லை, டிஎஸ்எச் மட்டும் இறங்கவில்லை. இரும்பும் கால்சியமும் தைராக்சினைக் குடலில் பிடித்து வைத்துக்கொள்ளும். வெறும் வயிற்றில், தண்ணீரோடு தைராக்சின். மற்ற இரண்டும் 4 மணி நேரம் தள்ளி. அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்து மறுபடி ரத்தம்.

அட்டையின் பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது? கடைசியாகத் தைராய்டு பார்த்த தேதியை அங்கே எழுதுங்கள். தேதி நினைவுக்கு வராதவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.